பூமாலை பூ விக்கிறவ இல்ல

கல்லங்குறிச்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து வரும் எங்கள் ஊருக்கு மாதம் இரண்டு தடவை பூமாலை வருவாள். பழைய டிவிஎஸ் எக்ஸெல் வண்டி. கால் வைக்கிற இடத்தில் ஒரு பை, பின்னால் ரப்பர் கயிறு போட்டு இறுக்கிய இரண்டு பெரிய பைகள். கூவ மாட்டாள், ஹார்ன் அடிக்க மாட்டாள். அங்கன்வாடிச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடிப்பாள். அதற்குள் தெருவுக்கே சேதி போயிருக்கும். அந்த அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள் நான். பை பிரிவது என் ஸ்டோர் ரூமில்தான். கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி அங்கே உட்கார்ந்து அவள் சொன்னது, மீதி நானே பார்த்தது.

அவள் விற்பது பெண்களின் உள்ளாடை. பாடி, ஜட்டி, உள்பாவாடை, சிம்மிஸ், கூட நாப்கின். எனக்கு இதை எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதையே ஓர் அட்டையில் எழுத வைக்க அவளுக்குப் பதினோரு மாதம் ஆனது.

பூமாலைக்குப் பிறந்த ஊர் கீழப்பழுவூர் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். பத்தாவது முடித்ததும் திருப்பூருக்குப் போய் ஆறு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தாள். பாடி தைக்கிற செக்‌ஷன். எந்த உடம்புக்கு எந்த அளவு, பட்டி எங்கே அழுத்தும், எந்தத் துணி வேர்வையைக் குடிக்கும், எது குடிக்காது என்பதெல்லாம் அங்கே கைக்கு வந்தது. பிறகு வேல்முருகனைக் கட்டிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் திரும்பினாள். அவன் சிமெண்டு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனான். இவள் களை வெட்டப் போனாள்.

பருத்திக் காட்டில் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும்போதுதான் அதைக் கவனித்தாளாம். கூட வந்த பெண்களின் தோளில் பட்டை அறுத்த தடம். கொக்கி போன இடத்தில் ஊக்கு. அக்குளில் வேர்க்குரு உடைந்து புண். "என்ன சைஸ்க்கா போடுற?" என்று கேட்டால் எல்லாரும் முப்பத்தி நாலு என்றார்கள். குண்டானவளும் முப்பத்தி நாலு, நோஞ்சானும் முப்பத்தி நாலு. டவுன் கடையில் ஆம்பளை நின்றுகொண்டு "என்ன சைஸும்மா?" என்று சத்தமாகக் கேட்பான். வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிவிட்டுக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். யாரும் ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை.

அடுத்த வாரமே பஸ் ஏறித் திருப்பூர் போய்ச் சரக்கு எடுத்து வந்தாள். கூடவே ஒரு அளவு டேப்பும்.

வேல்முருகனுக்கு அவமானமாகப் போயிற்று. லோடு ஏற்றுகிற இடத்தில் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"வேற எதயாச்சும் வித்துத் தொலையேன். பாத்திரம் வில்லு, புடவை வில்லு. இதத்தான் விக்கணுமா?"

"நீ போட்டிருக்க பனியன யாரோ ஒருத்தி தச்சு, யாரோ ஒருத்தன் வித்துத்தான் உன் ஒடம்புக்கு வந்துச்சு. அப்ப வராத வெக்கம் இப்ப எங்கேந்து வருது?" என்றாள் இவள்.

எட்டு நாள் அவன் பேசவில்லை. எட்டு நாளும் இவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஊர் ஊராகப் போகிறவரை தொல்லை இல்லை. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, வெங்காயம் உரிக்கிற கொட்டகை, பூலாம்பாடி வரைக்கும் அவளிடம் வாங்க ஆள் உண்டு. தொல்லை செவ்வாய்ச்சந்தையில் வந்தது. சந்தை கூடுவது பக்கத்துப் பேரூராட்சியில். பேர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். சந்தைக்கு வெளியே சுவரோரம் வண்டியை நிறுத்தி, ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைவு செய்து வியாபாரம் பார்ப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஆக்கிரமிப்பு என்று சொல்லி டிராக்டரோடு வந்தவர்கள் இரண்டு பையையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் போய்க் கேட்டதற்கு, பேரூராட்சி ஆபீசுக்குப் பின்னால் குப்பை வண்டி நிற்கும் இடத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அத்தனையும் தரையில். நாலைந்து ஆண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். "சீக்கிரம் அள்ளும்மா" என்றான் ஒருவன்.

பூமாலை அள்ளவில்லை. கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், உதறினாள், மடித்தாள், சைஸ் பார்த்துத் தனித்தனியாக அடுக்கினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். கால் மணி நேரத்திலேயே சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள்.

"எனக்கு அழுகை வந்துச்சு டீச்சர். ஆனா அவனுங்க முன்னாடி அது வரக்கூடாதுன்னு எண்ணிக்கிட்டே மடிச்சேன். முப்பத்திரண்டு, முப்பத்திநாலு, முப்பத்தியாறுன்னு," என்றாள் என்னிடம்.

சந்தையில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் ராசாங்கம்தான் அட்டையைப் பற்றிச் சொன்னார். தெரு வியாபாரிகளுக்கென்று சட்டம் இருக்கிறது, பேரூராட்சியில் கணக்கெடுத்து விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் கொடுக்கிறார்கள், ஒரே இடத்தில் உட்காராமல் அலைகிறவர்களுக்கும் உண்டு என்றார். "அட்டை இருந்தா இஷ்டத்துக்குத் தூக்க முடியாது தங்கச்சி. தூக்குனாலும் என்னென்ன தூக்குனோம்னு பட்டியல் எழுதிக் குடுத்தாவணும்."

மறுநாளே போய் நின்றாள். விண்ணப்பம் வாங்கும் எழுத்தர் சிங்காரவேலு. ஐம்பது வயது, நெற்றியில் சந்தனம், மரியாதையான ஆள் என்று பேர். அவர் கேட்கக் கேட்க இவள் சொன்னாள்.

"பேரு?"

"பூமாலை."

"வீட்டுக்காரர் பேரு?"

"வேல்முருகன்."

"ஒரே இடமா, நடமாடுறதா?"

"நடமாடுறதுங்க சார். வண்டியில போறேன்."

"என்ன வியாபாரம்?"

"உள்ளாடைங்க. பொம்பளைங்களுக்கு."

பேனா நின்றது. அவர் தலை நிமிரவில்லை. "எது?"

காது கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு பூமாலை விவரமாகச் சொன்னாள். "பாடி, ஜட்டி, உள்பாவாடை, சிம்மிஸ், நாப்கின்."

"சரி சரி சரி," என்றார் சிங்காரவேலு. "போம்மா. அட்டை வந்தா சொல்லியனுப்புறோம்."

நாலு மாதம் கழித்து அட்டை வந்தது. போட்டோ, பேர், ஊர், எண் எல்லாம் சரி. 'நடமாடும் வியாபாரி' என்பதும் சரி. அதற்குக் கீழே, விற்கும் பொருள்: பூ.

முதலில் அவளுக்கே சிரிப்புதான் வந்தது. வேல்முருகன் வாங்கிப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து காணாத சந்தோஷத்தோடு, "இது நல்லாத்தான் இருக்கு. பூவுன்னே இருக்கட்டும். கேக்கறவங்களுக்கும் கௌரவமா இருக்கும்," என்றான். ராசாங்கமும், "அட்டைதானே முக்கியம், விட்டுரு," என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

மூன்று செவ்வாய்க்கிழமை ஓடியது. நாலாவது வாரம் மேற்பார்வையாளர் ஒருவர் டிராக்டரோடு வந்தார். பூமாலை அட்டையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், தார்ப்பாய்க்குள் தொங்குவதைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இதுல பூன்னு போட்டிருக்கு. இங்க பூ எங்க இருக்கு? அடுத்தவங்க அட்டைய வச்சு ஏமாத்துறியா? தூக்குங்கடா பைய."

"தூக்குங்க சார். சட்டப்படி பட்டியல் எழுதிக் குடுத்துட்டுத் தூக்குங்க. எது எத்தன, என்ன சைஸ், என்ன கலரு. நான் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுறேன், நீங்க எழுதிக்கங்க."

பையைத் திறந்து முதல் உருப்படியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். சந்தைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. மேற்பார்வையாளர் நோட்டை எடுத்து 'சில்லறைத் துணி, 2 பை' என்று எழுதி நீட்டினார். "இது சில்லறைத் துணி இல்ல. பேரச் சரியா எழுதுனாத்தான் கையெழுத்துப் போடுவேன்," என்றாள். அவர் நோட்டை மூடினார். பையைத் தூக்கவில்லை. ஆனால் போகும்போது, "அட்டையச் சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் இங்க கடை கெடையாது," என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அட்டையில் கிடந்த அந்த ஒரு பொய்யால் அவளே பொய்க்காரி ஆகியிருந்தாள்.

ஆபீசுக்குப் போனாள். சிங்காரவேலு கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, நல்லது செய்தவர் மாதிரி பேசினார்.

"உனக்காகத்தாம்மா அப்புடிப் போட்டேன். இந்தப் பட்டியல் வெளியில போர்டுல ஒட்டுறது. பத்துப் பேரு நின்னு படிப்பான். பொம்பளப் பேருக்கு நேரா அதப் போய் எழுதச் சொல்றியா? பேரும் பூமாலையா இருக்கு, பொருந்துதேன்னு போட்டேன்."

"உங்க பேரு சிங்காரவேலு. நீங்க என்ன சார், வேலா விக்கிறீங்க?"

பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது. சிங்காரவேலு முகம் மாறிவிட்டது.

"மனு குடுத்துட்டுப் போ. பாக்கலாம்."

மனு கொடுத்தாள். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கினாள். இரண்டு வாரம் கழித்துப் போனால், செயல் அலுவலர் மாறிவிட்டார், புது ஆள் வரட்டும் என்றார்கள். புது ஆள் வந்த பிறகு மனுவைக் காணோம் என்றார்கள். ஒப்புகைச் சீட்டைக் காட்டினாள். வேறு மனு எழுதிக் கொடு என்றார்கள். எழுதினாள். மூன்றாவது மனுவை என் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துதான் எழுதினாள். 'துணி வியாபாரம் என்று போட்டுக் கொள்ளச் சம்மதமா' என்று சிங்காரவேலு சொல்லி அனுப்பியிருந்தார். நான்கூட, "அதுக்காவது ஒத்துக்கயேன்," என்றேன்.

"கைக்குட்டையும் துணிதான், கரித்துணியும் துணிதான் டீச்சர். நாளைக்குத் துணிக்கடைக்காரரு, இவ எங்க வியாபாரத்தக் கெடுக்குறான்னு ஒரு மனு குடுப்பாரு. திரும்ப மொதல்லேந்து அலஞ்சிட்டு நிக்கணும். நான் விக்கிறதுக்கு ஒரு பேரு இருக்கு. கலெக்டரு வூட்லயும் அதத்தான் போடுறாங்க, கூலிக்காரி வூட்லயும் அதத்தான் போடுறாங்க. எழுதுனா என்ன, காகிதம் பொத்துக்குமா?"

நான் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்கு நானும் போயிருந்தேன், கருவாடு வாங்க. சுவரோரம் ஒரே கூட்டம். பூமாலை அட்டையைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, அட்டைப் பலகையில் ஒட்டி, வண்டி ஹேண்டில்பாரில் கட்டியிருந்தாள். அதற்கு மேலே சிவப்பு மையில் பெரிய எழுத்து: 'பூ வியாபாரம். பேரூராட்சி அனுமதி பெற்றது.' தார்ப்பாய் மறைவுக்குள் இருக்கவேண்டியதெல்லாம் அன்றைக்கு வெளியே, கயிற்றில், வரிசையாகத் தொங்கியது.

மேற்பார்வையாளர் வந்து குதித்தார். "என்ன இது அசிங்கம்?"

"பூ சார். உங்க ஆபீசு முத்திரை இருக்கு பாருங்க. பூ விக்கக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவள், கூட்டத்துக்குள்ளிருந்து, "எக்கா, முப்பத்தியாறுல பூ இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். "எனக்கு வெள்ளைப் பூ, பருத்தியில." "எனக்குக் கொக்கி வச்ச பூ." கடையில் காகிதத்தில் சுருட்டி வாங்கின பெண்கள், நடுச்சந்தையில் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்து வாங்கினார்கள். நானும் இரண்டு வாங்கினேன். கருவாடு வாங்க மறந்துவிட்டது.

அந்தப் பேச்சு வாரக் கடைசிக்குள் சுற்றுப்பட்டு எங்கும் போய்விட்டது. டீக்கடையில் எல்லாம் பேரூராட்சியின் 'பூ'வைப் பற்றித்தான் பேச்சு. அதில் நிஜமாகவே கொதித்துப்போனவர்கள் பூக்காரர்கள். கோயில் வாசலில் முப்பது வருஷமாகத் துளசியும் அரளியும் கட்டி விற்கிற தனம், நேராகப் பூமாலை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏண்டி, பூவுன்னா பெருமாள் தோள்ல ஏறுறது. நீ எதயோ தொங்கவுட்டு அதுக்குப் பூன்னு பேரு வைக்கிற. எங்கிட்ட வந்து பயலுவ கேக்குறானுவ, உங்கிட்ட எந்த சைஸு இருக்குன்னு. வெளக்கமாத்த எடுத்தேன்."

"தப்புதாங்க்கா. என் சரக்குக்கு அந்தப் பேரு வேணாம்னு நானும் ஏழு மாசமா கத்துறேன். நானா வச்சேன்? ஆபீசு வச்சது. நீயும் வா, ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

தனம் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டாளாம். பிறகு, "எப்பப் போற?" என்று கேட்டாள்.

பூக்காரப் பெண்கள் ஒன்பது பேர், பூமாலை, ராசாங்கம் எல்லாரும் பேரூராட்சி ஆபீசில் தெரு வியாபாரிகள் குழுக் கூட்டம் நடக்கிற அன்றைக்குப் போய் நின்றார்கள். புதுச் செயல் அலுவலர் அருள்முருகன் சின்ன வயசு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். "சரி, மகளிர் ஆயத்த ஆடைன்னு மாத்திக் குடுத்திடலாம்," என்றார். சிங்காரவேலு பெருமூச்சு விட்டார்.

"அது வேணாங்க சார்," என்றாள் பூமாலை. "சுடிதாரும் ஆயத்த ஆடைதான். நான் சுடிதார் விக்கல."

"எல்லாரும் பாக்குற ரெக்கார்டும்மா."

"பாக்கட்டும் சார். நாங்க தொவச்சுக் காயப்போடும்போது அதுக்கு மேல ஒரு துண்டப் போட்டு மூடித்தான் காயப்போடுறோம். வெயிலே படாது. ஈரத்தோட எடுத்து ஈரத்தோட போடுறோம், புண்ணு வந்து ஆஸ்பத்திரியில நிக்கிறோம். நான் ஊர் ஊராப் போய் வெயில்ல காயப்போடுங்கன்னு சொல்லிட்டு வரேன். நீங்க என் அட்டையிலயே துண்டப் போட்டு மூடுனா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

தனம் முன்னால் வந்தாள். "எழுதுங்க சார். எங்களுக்கு எங்க பூவத் திருப்பிக் குடுங்க, அவளுக்கு அவளதக் குடுங்க."

அருள்முருகன் கம்ப்யூட்டர் பெண்ணைக் கூப்பிட்டார். வெற்றிச்செல்வி என்று பேர். முன்னே தோள் குலுங்கச் சிரித்தவள் அவள்தான். அடித்து முடித்ததும், சரிபார்க்க வேண்டுமே என்று, கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தாள். "விற்கும் பொருள்: மகளிர் உள்ளாடைகள், சானிட்டரி நாப்கின். சரியாக்கா?"

"உள்பாவாடை?"

"அதுவும் உள்ளாடைதாங்க்கா."

"அப்ப சரி."

சிங்காரவேலு அட்டையை மேசையில் குப்புற வைத்து நகர்த்தினார். பூமாலை அதைத் தொடவில்லை. "திருப்பி வச்சுக் குடுங்க சார்," என்றாள். அவர் செயல் அலுவலரைப் பார்த்தார். பிறகு திருப்பி வைத்துக் கொடுத்தார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் சந்தைச் சுவரோரம் கடை போடக் கூடாது என்று கோடு போட்டு, நடமாடும் வியாபாரிகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். அதில் பூமாலையோடு ராசாங்கமும் போனார். அதற்கு ஒரு மனு ஓடிக்கொண்டிருக்கிறது. வேல்முருகன் இன்னும் சொந்தக்காரர்களிடம் அவள் வியாபாரத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஆனால் வண்டி பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போய் ஒட்டி வருகிறான்.

போன தையில் அவள் உடையார்பாளையம் பக்கம் புது ஊர்களுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஒரு பெரிய வீட்டில் கூப்பிட்டார்கள். காடு கழனி உள்ள குடும்பம். இவள் எந்தத் தெரு, யார் மகள் என்று வாசலிலேயே விசாரித்தார்கள். சொன்னாள். அந்த வீட்டம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த மாட்டுக் கொட்டாயில வச்சு அளந்துரு, நான் அங்க வரேன்," என்றாளாம்.

பூமாலை டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "மாட்டுக்கு அளவெடுக்கறதில்லீங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு வியாபாரமும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்குள் போகவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அதே வீட்டு மருமகள், துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறிச் செவ்வாய்ச்சந்தைக்கு வந்தாள். தார்ப்பாய் மறைவுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கல் உடைக்கிறவள், சித்தாள், தனத்தின் மகள், ஒரு நர்ஸ். மருமகள் நேராக உள்ளே போகப் பார்த்தாள்.

"கடைசியில நில்லுங்கம்மா," என்றாள் பூமாலை. "வரிசைப்படிதான்."

அவள் போய்க் கடைசியில் நின்றாள்.